சோனகத் தெருவின் தமிழும் சில்த்தேயின் வாக்குச்சீட்டும்

யாழ்ப்பாணம் குருநகரில் மீனவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழுதுவரும் கோயில் புனித யாகப்பர் ஆலயம். பட்டினத்தின் மறுபக்கம், சோனகத் தெருவில், யாகூப் என்பது பரவலாக வழங்கும் ஆண்பெயர். அமெரிக்க மிஷன் சபைக்காரரின் வேதாகமத்தில் இதே பெயர் யாக்கோபு என்று இருக்கும். யாகப்பர், யாகூப், யாக்கோபு மூன்றும் ஒரே எபிரேயப் பெயரின் மூன்று தமிழ் வடிவங்கள். சூசையும் யோசேப்பும் யூசுப்பும் அப்படித்தான். தாவீதும் தாவூதும், சாலமோனும் சுலைமானும், மரியாளும் மர்யமும் அப்படித்தான். தேவாலயத்தில் செபம் முடியும்போது "ஆமென்" என்கிறார்கள். பள்ளிவாசலில் துஆ முடியும்போது "ஆமீன்" என்கிறார்கள்.

சைவமும் தமிழும் செழித்த மண் என்றே யாழ்ப்பாணக் குடாநாடு பெரும்பாலும் நினைக்கப்படுகிறது. அது உண்மைதான், முழு உண்மை அல்ல. செமித்திய மொழிக் குடும்பத்தின் இரு பெரும் மொழிகளான அறபியும் எபிரேயமும் இங்கே நூற்றாண்டுக் கணக்கில் தமிழோடு புழங்கியிருக்கின்றன. எபிரேயம் ஏட்டோடு நின்றது. அறபி வீட்டுக்குள் வந்து அடுப்படித் தமிழோடு கலந்தது. அந்தத் தமிழைப் பேசியவர்கள் யார் என்ற கேள்வி நூறாண்டுக்கு மேலாக இலங்கை அரசியலை உலுக்கியிருக்கிறது. அதே கேள்வியை எத்தியோப்பியாவில் ஒரு சிறு செமித்திய மொழிச் சமூகம் வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டது. அந்தச் சமூகத்தின் பெயர் சில்த்தே.

நோவாவின் மகன் சேமின் பெயரைக் கொண்டு 'செமித்திய' என்ற குடும்பப் பெயரை ஜெர்மன் அறிஞர் ஷ்லோட்ஸர் 1781இல் வழங்கினார். கால்டுவெல் 1856இல் 'திராவிட' என்ற பெயரை நிலைநிறுத்துவதற்கு எழுபத்தைந்து ஆண்டுகள் முன்பு நடந்தது இது. பாபிலோனின் அக்காதியம், இயேசு பேசிய அரமேயம், எபிரேயம், அறபி, மால்ட்டாத் தீவின் மொழி எல்லாம் இந்தக் குடும்பத்தவை. செங்கடலின் தென்மேற்கே, எத்தியோப்பியாவிலும் எரித்திரியாவிலும், இந்தக் குடும்பத்தின் ஒரு பெரிய கிளை வாழ்கிறது. பழைய வேத மொழியான கீயஸ், அம்ஹாரி, திக்ரின்யா, ஹராரி, குராகே மொழிகள், சில்த்தே ஆகியவை அந்தக் கிளையில் அடங்கும்.

இவற்றின் உறவை எண்ணுப்பெயரிலேயே காணலாம். நான்கு என்பதற்கு அறபியில் அர்பஆ, எபிரேயத்தில் அர்பா, அம்ஹாரியில் அராத். வேர்ச்சொல் மூன்று மெய்களால் அமைவது இந்தக் குடும்பத்தின் அடையாளம். க-த-ப என்ற மூன்று மெய்கள் எழுத்து வேலையைக் குறிக்கும். கிதாபு என்றால் நூல், மக்தபு என்றால் பிள்ளைகள் ஓதும் இடம். த-ர-ஸ என்ற வேரிலிருந்து அறபியில் மத்ரஸாவும் எபிரேயத்தில் மித்ராஷும் பிறந்தன. வேரின் இறுதியில் ஒட்டுகளை அடுக்கிக்கொண்டு போகும் தமிழ் இலக்கணத்துக்கு இது முற்றிலும் அந்நியமான கட்டுமானம்.

ஆனால் எத்தியோப்பியக் கிளையில் தமிழர் கண்ணுக்குப் பழகிய இரண்டு விஷயங்கள் உண்டு. அறபியும் எபிரேயமும் வலமிருந்து இடமாக, பெரும்பாலும் மெய்களை மட்டும் எழுதுகின்றன. கீயஸ் எழுத்தோ இடமிருந்து வலமாகச் செல்வது. மெய்யோடு உயிர் சேர ஒவ்வொரு எழுத்தும் உரு மாறும். க, கா, கி என்று நம் பிள்ளைகள் உயிர்மெய் வரிசை சொல்வதுபோல எத்தியோப்பியப் பிள்ளைகளும் ஏழு உயிருக்கு ஏழு வரிசை சொல்லிப் படிக்கிறார்கள். இரண்டாவது, வாக்கிய அமைப்பு. செவ்வியல் அறபியில் வினை முன்னே வரும். இன்று பேசப்படும் எத்தியோப்பிய செமித்திய மொழிகளில், தமிழைப் போலவே, வினை கடைசியில் நிற்கும். அக்கம்பக்கத்துக் குஷித்திய மொழிகளோடு நெடுங்காலம் கலந்து வாழ்ந்ததன் பயன் அது.

சில்த்தே மக்கள் அடிஸ் அபாபாவுக்குத் தெற்கே, வொராபே நகரைச் சுற்றிய மேட்டு நிலத்தில் வாழ்பவர்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். 2007 குடிசன மதிப்பீட்டில் சுமார் 9 லட்சத்து 40 ஆயிரம் பேர் தம்மைச் சில்த்தே என்று பதிந்தார்கள். கிழக்கே உள்ள ஹரார் நகரத்தோடு தமக்குப் பூர்வீகத் தொடர்பு உண்டென்பது அவர்களின் மரபு. மொழியும் அதற்குச் சாட்சி சொல்கிறது: ஹராரியும் சில்த்தேயும் நெருங்கிய உறவுடையவை. இன்னோர் உறவு மொழி ஸாய். அதைப் பேசுவோர் ஸிவாய் ஏரித் தீவுகளில் வாழும் கிறிஸ்தவர்கள். மதம் பிரிந்த இடத்தில் மொழி பிரியவில்லை.

சில்த்தேயில் உயிர்கள் பத்து. ஐந்து குறில், ஐந்து நெடில். கீயஸ் எழுத்தில் இடம் ஏழுக்குத்தான். ஆகவே குறில் நெடில் வேறுபாடு எழுத்தில் முழுதாகத் தெரியாமல் போகிறது. ஓலைச்சுவடி படித்த தமிழருக்கு இந்தச் சங்கடம் புரியும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாத சுவடிகளோடு மல்லாடியவர்கள் நம் முன்னோர். அந்தக் குழப்பம் தீர வீரமாமுனிவரின் சீர்திருத்தம் வரவேண்டியிருந்தது.

செங்கடலும் இலங்கையும் ஒன்றையொன்று அறியாத கரைகள் அல்ல. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர், இலங்கைத் துறைகளுக்கு இந்தியா, பாரசீகம், எத்தியோப்பியா ஆகிய நாடுகளிலிருந்து மரக்கலங்கள் வந்ததைப் பதிவு செய்திருக்கிறார். எத்தியோப்பியரின் பெருந்துறையாகிய அதூலிஸிலிருந்து வந்தவர்களோடு சேர்ந்து சோபாத்தர் என்ற வணிகர் இலங்கை அரசனைக் கண்ட கதையும் அதில் உண்டு. சில்த்தேயின் மூத்த உறவான கீயஸைப் பேசியவர்கள் அப்போதே இந்தத் தீவின் கரையில் கால் வைத்திருப்பார்கள் என்று கொள்ளலாம்.

குடாநாட்டின் துறை ஊர்காவற்றுறை. அதன் பழைய பெயர் ஊராத்துறை. நயினாதீவில் கிடைத்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கே வெளிநாட்டு வணிகருக்கு இருந்த ஏற்பாட்டைக் காட்டுகிறது. பிற நாட்டார் ஊராத்துறைக்கு வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவனுக்கு. வணிகப் பொருள் ஏற்றிய கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. சிங்கள மன்னன் ஒருவன் தன் சட்டத்தைத் தமிழில் வெட்டி வைத்திருக்கிறான். அந்தத் துறையின் பேச்சு எது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. இந்துமாக்கடலில் அக்காலத்துக் குதிரை வணிகம் பெரிதும் அறபிகள், பாரசீகர் கையில் இருந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா புத்தளம் கரையில் இறங்கியபோது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மன்னனுக்குப் பாரசீகம் தெரிந்திருந்தது என்று எழுதுகிறார். அவனிடம் முத்து இருந்தது, கப்பல்கள் இருந்தன. பாரசீகம் செமித்திய மொழி அல்ல. ஆனாலும் அறபு எழுத்தில் எழுதப்பட்ட, அறபுச் சொற்கள் நிறைந்த மொழி. முத்தும் கப்பலும் வைத்திருந்த அரசனுக்கு அந்த மொழி தொழில் மொழி.

எபிரேயம் வேறு வாசலால் வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் குருவாக இருந்த பிலிப்பு தெ மெல்லோ, கொழும்பில் பிறந்த தமிழ்ப் பண்டிதர். புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து தமிழாக்கி 1759இல் அச்சேற்றியவர், எபிரேயமும் கற்றவர். சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட 'தமிழ் புளூட்டாக்' அவரைத் தமிழ்ப் புலவர் வரிசையில் சேர்த்துப் பேசுகிறது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கியபோது வகுத்த திட்டத்தில் ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதத்தோடு, வேதத்தை மூலத்தில் படிக்க வேண்டிய மாணவருக்கென எபிரேயமும் இடம்பெற்றது. பின்னர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு திருத்திய வேதாகமம் 1850இல் வெளிவந்தது. சைவத்தின் காவலராகப் போற்றப்படும் நாவலர், மோசேயும் ஏசாயாவும் சொன்னவற்றுக்குத் தமிழ் தேடி உட்கார்ந்த காலம் அது. அந்தப் பதிப்பு சபைகளில் நிலைக்கவில்லை. இருந்தாலும் எபிரேயச் சிந்தனை இழையோடும் தமிழ் உரைநடை ஒன்று யாழ்ப்பாணத்தில் பழக்கப்பட்டது.

இந்த வழியாக வந்த எபிரேயம் பெயர்களாகவும், ஆமென், அல்லேலூயா, ஓசன்னா போன்ற வழிபாட்டுச் சொற்களாகவும் தங்கியது. யாரும் எபிரேயத்தில் பிள்ளையைத் தாலாட்டவில்லை.

அறபியின் கதை அப்படியல்ல. குடாநாட்டு முஸ்லிம்களை ஊர் வழக்கில் சோனகர் என்பார்கள். மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை அவர்களின் குடியேற்றத்தைச் சொல்கிறது. தென்மராட்சிப் பகுதியில் முதலில் இருந்து, பின் நல்லூருக்கு வந்து, அங்கே சைவரோடு பிணக்கு ஏற்பட்டதால் கடலோரமாகப் பட்டினத்துப் பக்கம் பெயர்ந்தார்கள் என்பது அந்த மரபு. கிணற்றில் பன்றி இறைச்சியைப் போட்டு அவர்களை எழுப்பியதாக வரும் செய்தி, அந்தப் பிணக்கின் கசப்பை மறைக்காமல் காட்டுகிறது. அதே நல்லூர்க் கந்தசாமி கோயிலின் பழைய வளவோடு ஒரு முஸ்லிம் பெரியாரின் அடக்கத்தலத்தைத் தொடர்புபடுத்தும் மரபும் தொடர்ந்து சொல்லப்பட்டு வந்திருக்கிறது. துரத்தியதும் நினைவில் இருக்கிறது; சேர்ந்திருந்ததும் நினைவில் இருக்கிறது.

பட்டினத்தில் சோனகத் தெருவும் ஐந்து சந்தியும் அவர்களின் இருப்பிடமாயின. தையல், இரும்புக்கடை, நகைத் தொழில், இறைச்சிக் கடை, துணி வியாபாரம் எனப் பெரிய கடைவீதியோடு பிணைந்த வாழ்க்கை. பக்கத்திலேயே வண்ணார்பண்ணை, நாவலர் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஊர். அந்த வண்ணார்பண்ணைச் சூழலில்தான் யாழ்ப்பாணத்து முஸ்லிம் புலவர் அசனாலெப்பை (1870–1918) தமிழ் யாப்பில் இஸ்லாமியப் பாடல்கள் இயற்றினார். அவருடைய நூல்களில் ஒன்றின் பெயர் நவரத்தினத் திருப்புகழ். அருணகிரிநாதரின் சந்தத்தை நபிபுகழுக்கு எடுத்தாள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அது அவருக்கும் உரிய சொத்து.

சோனகத் தெருவின் பேச்சுத் தமிழ் எப்படிப்பட்டது? அடித்தளம் யாழ்ப்பாணத் தமிழ். "பேந்து", "கதைக்கிறது", "ஓம்" எல்லாம் அங்கும் உண்டு. அதன் மேல் அறபுச் சொற்கள், தமிழ் இலக்கணத்துக்கு முழுக்கக் கட்டுப்பட்டு, உட்கார்ந்திருக்கும். "வாப்பா சுபஹுத் தொழுதிட்டு வந்து, பேந்து கடைக்குப் போட்டார்" என்று ஓர் உம்மா சொன்னால், அதில் அறபி என்று எடுத்துக்காட்ட, வைகறைத் தொழுகையைக் குறிக்கும் சுபஹு என்ற ஒரு சொல்தான் தெளிவாகத் தெரியும். இறப்பவர் மௌத்தாகிறார். நோன்புக்கு நிய்யத்து வைக்கிறார்கள். பெரியவரைக் கண்டால் சலாம் சொல்லித் துஆக் கேட்கிறார்கள். பெயர் அறபியிலிருந்து, வினையும் உருபும் தமிழிலிருந்து. சமயத்தின் மையச் சொற்கள் பலவோ முழுத் தமிழாகவே நின்றன: தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளி, ஓதுதல். சமணரும் பௌத்தரும் ஒரு காலத்தில் புழங்கிய நோன்பும் பள்ளியும் சோனகர் வீட்டில் புது வாழ்வு பெற்றன.

எழுத்துக்கு வருவோம். அறபியில் ப இல்லை. ட, ண, ள, ழ, ங, ஞ இல்லை. எகரமும் ஒகரமும் இல்லை. இருந்தும் தமிழகத்துக் கீழக்கரை, காயல்பட்டினம் முதல் இலங்கையின் பேருவளை, காலி வரை முஸ்லிம்கள் தமிழை அறபு எழுத்தில் எழுதினார்கள். சில அறபு எழுத்துகளுக்குக் கூடுதல் புள்ளியிட்டுத் தமிழ் ஒலிகளை உண்டாக்கினார்கள். இதுவே அறபுத் தமிழ், அர்வி என்றும் சொல்வார்கள். மார்க்கச் சட்டம், மருத்துவம், பெண்களுக்கான தாலாட்டுப் பாடல்கள் வரை அதில் எழுதப்பட்டன. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இலங்கையிலும் தமிழகத்திலும் பெருஞ்செல்வாக்குப் பெற்ற அறபுத் தமிழ் ஆசிரியர். கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' அறபுத் தமிழையும் அச்சுக்குக் கொண்டுவந்தது. மலாய், சுவாஹிலி, மலையாளம் ஆகியவற்றை முஸ்லிம்கள் அறபு எழுத்தில் எழுதியதும் இதே வகைதான். சில்த்தேயின் நெருங்கிய உறவான ஹராரியும் அப்படி எழுதப்பட்டது; சில்த்தேயிலும் சமயப் பாடல்கள் அறபு எழுத்தில் உண்டு. சில்த்தே செமித்திய மொழி, தமிழ் திராவிட மொழி. எழுத்து வேலையில் இரு சமூகத்து ஆலிம்களும் ஒரே சிக்கலைச் சந்தித்து ஒரே வழியில் தீர்த்தார்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு காரியம் நடந்தது. அறபிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது 'ளாத்' என்ற அறபு எழுத்துக்கு எதை வைப்பது? அறபிகள் தம் மொழியை 'ளாத்தின் மொழி' என்றே பெருமையாகச் சொல்வார்கள். வேறு எவர் நாவிலும் அந்த ஒலி வராது என்பது அவர்களின் எண்ணம். தமிழருக்கு அப்படிப் பெருமை தரும் எழுத்து ழகரம். இலங்கை முஸ்லிம்கள் அந்த ழகரத்தையே ளாத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். றமழான், பர்ழு, வுழூ, கழா என்று எழுதுவது அங்கே வழக்கம். தமிழ்நாட்டுச் செய்தித்தாள் ரமலான் என்றும் ரம்ஜான் என்றும் எழுதுவதை யாழ்ப்பாணத்தார் றமழான் என்றே எழுதுகிறார்கள். இரண்டு மொழிகளும் தத்தம் தனிச்சிறப்பாகக் கருதும் ஒலிகள் ஒரே எழுத்தில் சந்தித்த இடம் அது.

இப்படித் தமிழுக்குள் ஆழ வேர்விட்ட மக்கள் தமிழரா, தனி இனமா?

கேள்வியை அரங்குக்குக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணப் பூர்வீகக் குடும்பத்தில் வந்த பொன்னம்பலம் இராமநாதன். 1888இல் கொழும்பில் அரச ஆசியக் கழகத்தின் முன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். மொழி, பழக்கவழக்கம், உடலமைப்பு ஆகியவற்றை அடுக்கி, சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் முஸ்லிம்கள் என்று வாதிட்டார். அப்போது சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி அவர். சோனகருக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்பது எரிந்துகொண்டிருந்த பிரச்சினை. மறு ஆண்டே, 1889இல், அந்தத் தனி ஆசனம் வழங்கப்பட்டது. இராமநாதனின் வாதத்துக்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் விரிவான மறுப்பு வெளியிட்டார். முன்னோர் அறபிகள், வணிகத்துக்காகவும் மணஉறவாலும் வந்த மொழி தமிழ், வந்துசேர்ந்த மொழியை வைத்து இனத்தை முடிவு செய்ய முடியாது என்பது அவருடைய நிலை.

இரு தரப்பிலும் புலமை இருந்தது. இரு தரப்பிலும் பதவிக் கணக்கும் இருந்தது. இராமநாதனின் கட்டுரையில் இல்லாதது ஒன்றே: தாம் யார் என்று சோனகரே என்ன நினைக்கிறார்கள் என்ற விசாரணை.

அந்தப் பூசலைத் தாண்டிப் பேசியவர் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபர், மூதவை உறுப்பினர். முஸ்லிம்கள் தனிச் சமூகம் என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததில்லை. தமிழ் தங்கள் தாய்மொழி என்பதிலும் ஐயம் இருந்ததில்லை. 1963இல் 'இலங்கையில் இஸ்லாம்' எழுதினார். கிழக்காபிரிக்காவிலும் எகிப்திலும் பயணம் செய்து தமிழில் நூல்கள் தந்தார். எகிப்து நூலுக்கு அவர் இட்ட பெயர் 'மிஸ்றின் வசியம்'. காலமான 1973இல் வெளிவந்தது 'அறபுத் தமிழ் எங்கள் அன்புத் தமிழ்'. சைவப் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்ற முஸ்லிம் ஒருவர் இரண்டு உரிமைகளையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு அந்தத் தலைப்பே சாட்சி.

சில்த்தேக்குத் திரும்பினால் அங்கே நிலைமை தலைகீழ். அவர்களை நெடுங்காலம் 'கிழக்குக் குராகே' என்று வகைப்படுத்தி வந்தார்கள். எத்தியோப்பிய மொழிகளின் பேராய்வாளர் வொல்ஃப் லெஸ்லாவ் 1979இல் வெளியிட்ட குராகே சொற்பிறப்பியல் அகராதியிலும் அவர்கள் மொழி குராகே வகைகளுள் ஒன்றாகவே இடம்பெற்றது. ஆனால் மொழியியலாளர் ராபர்ட் ஹெட்ஸ்ரோன் 1970களில் செய்த வகைப்பாடு, சில்த்தே மேற்குக் குராகே மொழிகளைவிட ஹராரிக்கே நெருக்கமானது என்று காட்டியது. குராகே என்பது நிலத்தையும் பொது வாழ்க்கையையும் ஒட்டிய பெயர், ஒரே மொழியின் பெயர் அல்ல என்று தெளிவாயிற்று. இலங்கைச் சோனகருக்கு மொழி தனித்துவ வாதத்துக்கு எதிராக நின்றது. சில்த்தேக்கு மொழி துணை நின்றது.

எத்தியோப்பியாவின் 1995 அரசியலமைப்பு தேசிய இனங்களுக்குச் சுயநிர்ணய உரிமை வழங்கியது. சில்த்தே தலைவர்கள் தாம் குராகே அல்ல என்று மனுக் கொடுத்தார்கள். குராகே தரப்பில் எதிர்ப்பு வந்தது. வழக்கு கூட்டாட்சி அவை வரை போயிற்று. அகராதியை வைத்தோ வம்சாவளியை வைத்தோ தீர்ப்பெழுதுவதை விட்டு, அந்த மக்களிடமே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. 2001 ஏப்ரலில் வாக்கெடுப்பு. நீங்கள் குராகேயா, சில்த்தேயா என்பதுதான் கேள்வி. மிகப் பெரும்பான்மையினர் சில்த்தே என்றார்கள். வொராபேயைத் தலைநகராகக் கொண்டு சில்த்தே வலயம் அமைந்தது. அதற்கு முன்பே, 1997இல், சில்த்தே–அம்ஹாரி–ஆங்கில அகராதி ஒன்று வெளிவந்திருந்தது. எத்தியோப்பியாவில் இனவாரி எல்லைகள் பின்னாளில் எத்தனையோ மோதலுக்கு வித்திட்டன என்பதும் உண்மை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில், யார் என்ற கேள்வி உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

யாழ்ப்பாணத்தில் 1990 ஒக்டோபரில் நடந்தது அதற்கு நேர் எதிரானது. 15ஆம் திகதி சாவகச்சேரி முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். 30ஆம் திகதி பட்டினத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்து மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணிநேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். சிறு தொகையும் மாற்றுடுப்பும் தவிர வேறெதையும் எடுத்துச் செல்ல விடவில்லை. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா எல்லாம் சேர்த்து வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் அந்த ஒரே மாதத்தில் துரத்தப்பட்டார்கள். நூறாண்டுக்கு முன் "நீங்களும் தமிழர்தான்" என்று வாதிட்டவரின் பூர்வீக மண்ணில், தமிழ் பேசும் அந்த மக்களைத் தமிழ் பேசும் இயக்கம் ஒன்று தமிழிலேயே கட்டளையிட்டுத் துரத்தியது. பொது மொழி அன்று ஒரு குடும்பத்தைக்கூடக் காப்பாற்றவில்லை. 2002இல் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அதற்கு மன்னிப்புக் கேட்டார்.

பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம். அங்குள்ள முஸ்லிம்களின் தமிழ் வேறு, சோனகத் தெருவின் தமிழ் வேறு. முகாமிலும் பள்ளிக்கூடத்திலும் சந்தையிலும் வாய் திறந்தவுடன் வடக்கார் என்று தெரிந்துவிடும். இடம்பெயர்ந்தவர்களின் நினைவையும் ஊர்ப்பற்றையும் ஷரிகா திராணகம 2011இல் வெளியிட்ட மானிடவியல் நூல் நுணுக்கமாக ஆராய்ந்தது. மொழியியலாளர் எம்.ஏ. நுஃமான் கிழக்கிலங்கையில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். இலங்கை முஸ்லிம்களின் இன அடையாளம் பற்றி 2007இல் நூல் எழுதினார். மொழி தமிழாக இருந்தும் அடையாளம் தனியாக உருவானதன் வரலாற்றுக் காரணங்களை அவர் நிதானமாக விளக்கியிருக்கிறார்.

போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் திரும்பி வந்திருக்கிறார்கள். 1963இல் தொடங்கிய ஒஸ்மானியாக் கல்லூரி மறுபடி இயங்குகிறது. பள்ளிவாசல்களில் பாங்கு கேட்கிறது. திரும்பாதவர்களின் பிள்ளைகள் புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் பிறந்து வளர்ந்து, அந்தந்த ஊரின் தமிழைப் பேசுகிறார்கள். யாழ்ப்பாணத்தின் பேச்சுத் தமிழை, அதன் சாதி வழக்குகள் உட்பட, பேராசிரியர் சுசீந்திரராஜா போன்றவர்கள் நுட்பமாக ஆராய்ந்து பதிந்திருக்கிறார்கள். சோனகத் தெருவின் பேச்சுக்கு அந்த அளவு கவனம் இன்னும் வேண்டும்.

அவசரம் வயதில் இருக்கிறது. 1990இல் பத்து வயதாயிருந்தவர் இப்போது நாற்பத்தைந்தைக் கடந்துவிட்டார். வளர்ந்த நிலையில் அந்தத் தெருவின் பேச்சைக் கடைவீதியில் புழங்கியவர்கள் எழுபதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி 2005 முதல் திறந்து வைத்திருக்கும் நூலகம் நிறுவனத்தைப் போன்ற முயற்சிகள் நம்மிடம் உண்டு. பல்கலைக்கழகமும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் அத்தகையவர்களோடு சேர்ந்தால் வேலை தொடங்கிவிடலாம். புத்தளத்துக்குப் போய் முதியவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்ய வேண்டும்: தையற்காரரின் தொழிற்சொற்கள், கல்யாண வீட்டுப் பாட்டு, மௌத்து வீட்டு வழக்கு, பிள்ளைகளுக்கு அலிஃப் ஓதிக்கொடுத்த முறை. வீடுகளில் அறபுத் தமிழ்க் கிதாபுகள் எஞ்சியிருந்தால் படமெடுத்து வைக்க வேண்டும். அந்தப் பேச்சை என்ன பெயரால் குறிப்பது, யாழ்ப்பாணத் தமிழின் ஒரு கிளையாகவா, முஸ்லிம் தமிழாகவா என்பதை அவர்களிடமே கேட்டு அந்தப் பதிவின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.